மேடையில் அவர், வாசலில் நாங்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். தேயிலை விலை, இ-பாஸ், கரடி ஊருக்குள் வருவது எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன், எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நம் நீலகிரி மலையில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். யானை வழித்தடங்கள் பற்றிய கருத்தரங்கு. பேச வந்தவர் ஓய்வுபெற்ற வன அதிகாரி. கூடலூர்ப் பக்கம் பட்டா விவகாரம் இன்னும் தீராத ‘பிரிவு 17’ நிலங்களில் இருப்பவர்களை வெளியேற்றினால்தான் காடு பிழைக்கும் என்று முன்பே ஒரு பேட்டியில் சொன்னவர். அந்த நிலங்களில் வீடு இருக்கிற பிள்ளைகள் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் கோஷம் எழுந்தது, நிற்கவில்லை. இருபது நிமிடம் மைக் முன்னால் நின்று பார்த்துவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். மறுநாள், உள்ளே கோஷம் போட்டவர்களுக்கும் வெளியே வாசலில் பதாகை பிடித்துச் சும்மா நின்றவர்களுக்கும் ஒரே மாதிரி மெமோ.

டீச்சர், கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். என் தாத்தா இலங்கையிலிருந்து ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி வந்தவர். எங்கள் வீட்டுக்கு இன்றுவரை பட்டா இல்லை, கரண்ட் இல்லாமல்தான் நான் பத்தாவது படித்தேன். எங்களை வெளியேற்றச் சொல்பவருக்கு எங்கள் கல்லூரியிலேயே பொன்னாடை போர்த்தினால் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? அவரைப் பேசவிடாமல் அனுப்பியது வெற்றி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாங்கள் செய்தது சரியா?
— பி.ஏ. இரண்டாமாண்டு மாணவர், கூடலூர் வட்டம்

தம்பி, உன் கோபம் சரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. கூடலூர் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டம் வந்தது 1969-இல். அதன் 17-ஆவது பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களின் கதை இன்னும் முடியவில்லை. 1964-இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தால் கப்பல் ஏறிய குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் காகிதத்துக்குக் காத்திருக்கின்றன. அந்த வீட்டிலிருந்து வரும் பையனிடம் யானை வழித்தடம் என்று ஒருவர் ஆரம்பித்தால் அவன் காதில் வேறு ஏதோ விழும். அது எனக்குப் புரிகிறது.

ஆனால் அவரைப் பேசவிடாமல் செய்தது தவறு.

அந்த அரங்கில் நீங்கள் மட்டும் இல்லை. மசினகுடியில் யானை மிதித்து ஆள் செத்த வீட்டுப் பெண் உட்கார்ந்திருக்கலாம், காட்டை நம்பியே வாழ்கிற இருளர் வீட்டுப் பையன் உட்கார்ந்திருக்கலாம், இதில் எந்தப் பக்கமும் சேராமல் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்த நூறு பேர் இருந்திருக்கலாம். பேச்சுரிமை என்றால் பேசுகிறவனுடைய உரிமை என்று மட்டும் நினைக்கிறோம், கேட்க வந்தவனுக்கும் அதில் பாதி உண்டு. நீங்கள் அந்த அதிகாரியின் வாயை அடைக்கவில்லை, அவர் வேறு ஊரில் வேறு மேடையில் பேசிக்கொள்வார். நீங்கள் அடைத்தது பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களின் காதைத்தான்.

இன்னொன்று. சத்தம் அதிகமாக இருந்தால் கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்கிற பழக்கம் யாருக்கு உதவும் என்று யோசித்துப் பார். நாளைக்கு நீயே பட்டா கேட்டு ஒரு கூட்டம் போடுகிறாய். எதிர்த்தரப்பில் இருபது பேர் வந்து கத்துகிறார்கள். சட்டம் ஒழுங்கு கெடும் என்று போலீஸ் உன் கூட்டத்தை ரத்து செய்கிறது. அப்போது என்ன சொல்வாய்?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது ஒரு தமிழ்ப்பட வழக்கில்தான். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம், சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்தது. கலவரம் வரும் என்று எதிர்ப்புக் கிளம்பியது, சென்னை உயர் நீதிமன்றம் படத்தின் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, படத்தைத் திரையிடலாம் என்றது. எதிர்க்கிற கூட்டத்தை எங்களால் சமாளிக்க முடியாது என்று அரசு கையை விரிக்கக் கூடாது, கருத்தைக் காப்பது அரசின் கடமை என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. எனக்கு அந்தப் படத்தின் கருத்தோடு துளியும் உடன்பாடு கிடையாது. இட ஒதுக்கீடு இல்லாவிட்டால் நான் பாடம் நடத்திய வகுப்புகளில் முக்கால்வாசிப் பேர் கல்லூரி வாசலையே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தத் தீர்ப்பை வருடா வருடம் மாணவர்களுக்கு நடத்தினேன். பிடிக்காத படத்தைக் காப்பாற்றிய அந்தத் தீர்ப்புதான் நாளைக்கு உன் கூட்டத்தையும் காப்பாற்ற வேண்டும்.

என் சொந்தக் கதை ஒன்று. இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஆடி மாதக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாடே கொந்தளித்தது, கீழ்நாட்டில் ஒரு கல்லூரியில் நான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பேச வந்த ஒரு பேராசிரியர் இலங்கை பற்றி ஒரு வாக்கியம் ஆரம்பித்தார். முதல் பாதி எங்களுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து கத்தினோம், பெஞ்சைத் தட்டினோம், நான் முதல் வரிசையில் நின்று தட்டினேன். அவர் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் நினைத்ததாகவே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். நீ தூங்காத ராத்திரி போல எனக்கும் சில ராத்திரிகள் உண்டு, அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் தரப்பில் பார்த்தாலும் நஷ்டம்தான். மூன்று தலைமுறையாகக் கேட்காத கேள்வியை அந்த ஆளிடம் முகத்துக்கு நேராகக் கேட்க ஒரு வாய்ப்பு வந்தது. எஸ்டேட் வேலைக்கென்று அரசே கூட்டிவந்த குடும்பத்தை எந்தக் கணக்கில் ஆக்கிரமிப்பு என்கிறீர்கள், வெளியேற்றினால் எங்கே போகச் சொல்கிறீர்கள், பெரிய எஸ்டேட்களுக்கும் இதே நியாயமா? இதில் ஒன்றுக்காவது அவர் மைக்கில் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நீங்கள் அவரை அந்தக் கஷ்டத்திலிருந்து காப்பாற்றி அனுப்பிவிட்டீர்கள்.

கல்லூரியின் தவறு ஒன்று இருக்கிறது, பெரிய தவறு. அதைக் கீழே விரிவுரையாளர் ஒருவருக்கான பதிலில் எழுதியிருக்கிறேன், நீயும் படி.

டீச்சர், என் மகள் உள்ளேயே போகவில்லை. வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். இப்போது மெமோ வந்திருக்கிறது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் டிசி என்கிறார்கள். அப்பா இல்லாத பெண். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடட்டுமா?
— ஒரு தாய், பந்தலூர்

போட வேண்டாம் அம்மா. குறைந்தது இந்தப் பதிலைப் படித்து முடிக்கிற வரைக்கும் போட வேண்டாம்.

உங்கள் மகள் செய்ததில் தவறு எதுவுமே இல்லை. யாரையும் தடுக்கவில்லை, வழியை மறிக்கவில்லை, உள்ளே நடந்ததைக் கெடுக்கவில்லை. தனக்கு உடன்பாடில்லை என்று எழுதி எல்லாரும் பார்க்கிற இடத்தில் நின்றாள். அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பேசும் உரிமையைச் சொல்கிற கையோடு, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுகிற உரிமையையும் சொல்கிறது. அவளையும் கோஷம் போட்டவர்களையும் ஒரே மெமோவில் சேர்த்ததுதான் எனக்கு மிகவும் வருத்தம். சத்தமில்லாமல் நின்றாலும் இதே தண்டனைதான் என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை எந்தப் பிள்ளை சத்தமில்லாமல் நிற்கும்?

இனி செய்ய வேண்டியது. மெமோவின் நகல் கையில் இருக்கிறதா பாருங்கள், வாய்மொழியாக மட்டும் சொல்லியிருந்தால் எழுத்தில் கேளுங்கள். எந்த விதியை மீறினாள், எந்தத் தேதி, என்ன செய்தாள் என்று அதில் இருக்க வேண்டும். பதிலை மகளே எழுதட்டும், ஒரு பக்கம் போதும்: எத்தனை மணிக்கு எங்கே நின்றேன், அட்டையில் என்ன எழுதியிருந்தது, உள்ளே போகவில்லை, பார்த்தவர்கள் இவர்கள். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். கொடுத்துவிட்டு இன்னொரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணை என்று கூப்பிட்டால் அவள் தரப்பைக் கேட்காமல் தண்டிக்க முடியாது, அது எந்த நிர்வாகத்துக்கும் பொருந்துகிற இயற்கை நீதி.

மன்னிப்புக் கடிதம் பற்றி: இதுபோன்ற கடிதங்களில் “இனி எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன்” என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். அந்த வரிக்குக் கீழே இருபது வயதுப் பெண்ணின் கையெழுத்தை வாங்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கல்லூரிக்குச் சங்கடம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று அவளுக்கே தோன்றினால் எழுதட்டும், அது வேறு.

பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2023-இல் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் பல்கலைக்கழக அளவில் குறைதீர்ப்பாளர் ஒருவர் உண்டு. முதலில் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒன்று மறைக்காமல் சொல்கிறேன்: அரசுக் கல்லூரி என்றால் அடிப்படை உரிமையை நேராகக் காட்டிக் கேட்கலாம், தனியார் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியின் விதி, பல்கலைக்கழக விதி என்று சுற்றித்தான் போக வேண்டும், வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்குக் காசில்லாமல் வழக்கறிஞர் கிடைப்பார். பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று தெரியும். வர முடியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், யாரையாவது அனுப்பப் பார்க்கிறேன்.

படிக்க அனுப்பினால் படிக்க வேண்டும். மாணவர்களுக்கு எதற்கு அரசியல்? எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை.
— ஓய்வுபெற்ற தொழிலாளி, அருவங்காடு

உங்கள் காலத்தில்தான் ஐயா இதைவிட அதிகம் நடந்தது. 1965 ஜனவரி 27-ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார், இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போனதற்காக. அந்தப் பிள்ளைகள் படிக்க மட்டும் செய்திருந்தால் 1968-இல் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் வந்திருக்குமா என்று நீங்களே சொல்லுங்கள். அதற்கும் முன்னால், 1941-இல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டத் தேர்வுக்குச் சில நாட்களே இருக்கும்போது சிறைக்குப் போனவர் என். சங்கரய்யா. பட்டம் வாங்காமலே நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். 2023-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர முடிவு செய்தும் ஆளுநர் கையெழுத்துப் போடாததால் அது நடக்கவில்லை.

வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்கி 1989 முதல் நடைமுறையில் வைத்திருக்கிறோம். எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்க வயதாகிவிட்டது, அவரிடம் கேள்வி கேட்க மட்டும் வயதாகவில்லை என்றால் அது எப்படி ஐயா? பாடம் கெடக் கூடாது என்கிற உங்கள் கவலை நியாயமானது, நானும் பிள்ளைகளிடம் வகுப்பை விடாதே என்றுதான் சொல்வேன்.

கருத்தரங்கு நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் கல்லூரியிலும் பயம். கொஞ்சம் சர்ச்சையான ஆள் என்றால் வேண்டாம் என்கிறார் பிரின்சிபால். போலீஸில் கேட்டால், நீங்கள் செக்யூரிட்டி போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இனி மூலிகைத் தோட்டம், யோகா என்று நடத்திவிட்டுப் போகலாமா என்று தோன்றுகிறது.
— விரிவுரையாளர், குன்னூர் (பெயர் வேண்டாம் என்கிறார்)

அப்படிப் போய்விடாதீர்கள். மேலே மாணவருக்குச் சொன்ன அந்தப் பெரிய தவறுக்கு வருகிறேன்.

நம் கல்லூரி விழா ஒன்றின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, மூன்று பேரின் வாழ்த்துரை, சிறப்புரை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண். கேள்வி நேரம் எங்கே? கடைசியில் ஒரு மூலையில் “கலந்துரையாடல்” என்று பத்து நிமிடம் போட்டிருப்பார்கள். வாழ்த்துரை நீண்டுவிடும், மூன்றரைக்கு மேல் பனி இறங்க ஆரம்பித்துவிடும், கீழ்கோத்தகிரிப் பஸ்ஸும் மஞ்சூர்ப் பஸ்ஸும் போய்விடும் என்று பிள்ளைகள் பையை எடுப்பார்கள். நேரமின்மை காரணமாகக் கலந்துரையாடல் ரத்து. முப்பது வருடம் நான் இதைப் பார்த்தேன், சில தடவை நானே மைக்கில் அப்படி அறிவித்திருக்கிறேன். கேட்க வழியில்லாத இடத்தில் கோஷம்தான் வரும். அந்தக் கல்லூரியிலும் அன்றைய நிரலில் கேள்வி நேரமே இல்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

அதனால் என் யோசனை, சிறப்புரை முப்பது நிமிடம் என்றால் கேள்வி நாற்பது நிமிடம் வையுங்கள். இதைப் பேச்சாளரிடம் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள், ஒத்துக்கொள்ளாதவரை அழைக்க வேண்டாம். வாழ்த்துரைகளை வெட்டுங்கள், யாரும் செத்துவிட மாட்டார்கள். மைக்கை மாணவர் கையில் கொடுங்கள். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, உங்களுக்குப் பிடித்த கேள்வியை மட்டும் படிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எதிர்க்க விரும்புகிறவர்களைப் பத்து நாள் முன்பே கூப்பிட்டுப் பேசுங்கள்: வாசலில் இந்த இடத்தில் நில்லுங்கள், கருப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு உள்ளே வாருங்கள், பதாகையைப் பின்வரிசையில் பிடியுங்கள், வெளிநடப்பு செய்வதென்றால் செய்யுங்கள், அவர் பேசுகிறபோது மட்டும் பேசவிடுங்கள். அரங்கின் கதவுக்கும் வாசலுக்கும் நடுவில் நீங்களே நில்லுங்கள். காக்கிச் சட்டை நிற்பதைவிட அவர்களுக்குப் பாடம் நடத்துகிற டீச்சர் நிற்பது எவ்வளவோ மேல்.

இந்த எல்லைக்கோடு நான் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையேதான் சொன்னது: வந்து பேசுகிறவரை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம், எதிர்க்கலாம், ஆனால் அவர் பேசுவதைத் தடுக்கக் கூடாது. செக்யூரிட்டி செலவு பற்றிச் சொன்னீர்கள். இங்கிலாந்தில் பல்கலைக்கழகப் பேச்சுரிமைக்கென்றே 2023-இல் ஒரு சட்டம் போட்டு, 2025 ஆகஸ்டில் முக்கியப் பகுதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மிக அபூர்வமான சூழ்நிலை தவிர, பாதுகாப்புச் செலவைக் கூட்டம் நடத்துகிறவர்கள் தலையில் கட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. நம் ஊரில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் மேலே சொன்ன 1989 திரைப்படத் தீர்ப்பு இருக்கிறது, அதை ஒரு பக்கம் தட்டச்சு செய்து உங்கள் காவல் ஆய்வாளருக்குக் கொடுக்கிற மனுவோடு இணையுங்கள்.

உங்கள் பிரின்சிபாலுக்கு ஒரு பழைய செய்தி. 1964-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் அரசியல் துண்டறிக்கை கொடுக்கக் கூடாது என்று நிர்வாகம் தடை போட்டபோது, கைதான ஒருவரை ஏற்றிய போலீஸ் காரைச் சுற்றி மாணவர்கள் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். காரின் கூரையில் ஏறிப் பேசினார்கள், மரியோ சாவியோ என்ற மாணவர் ஏறுவதற்கு முன் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். மாதக்கணக்கில் இழுத்த அந்தச் சண்டையைத் திருப்பியது ஆசிரியர்கள்தான். டிசம்பரில் கூடி, பேச்சின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தக் கூடாது என்று 824-க்கு 115 என்ற கணக்கில் வாக்களித்தார்கள். நம் கல்லூரிகளில் ஸ்டாஃப் ரூமில் ஒன்று பேசுகிறோம், பிரின்சிபால் அறையில் வேறொன்று பேசுகிறோம். இதை எழுதும்போது என் பழைய நாட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பட்டமளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் கையால் பட்டம் வாங்க மறுப்பது அவமரியாதை இல்லையா? விழா அன்று கருப்பு உடை போட்டுப் போகலாமா? என் தோழிகளுக்குள் பெரிய விவாதம்.
— முதுகலை மாணவி, கொடைக்கானல்

மறுப்பது மறுப்பு, அவமரியாதை வேறு. 2025 ஆகஸ்ட் 13-இல் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக விழாவில் ஆய்வு மாணவி ஒருவர் ஆளுநரைக் கடந்து போய்த் துணைவேந்தர் கையால் பட்டம் வாங்கிக்கொண்டார். கத்தவில்லை, நிற்கவில்லை, அடுத்தவர் வரிசை தாமதமாகவில்லை. அவர் எடுத்த நிலைப்பாட்டை ஏற்கலாம், ஏற்காமல் போகலாம், முறை என்று பார்த்தால் அதைவிடக் கண்ணியமாக ஒரு எதிர்ப்பைக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

கருப்பு உடைக்கு வருகிறேன். 2023 ஜூனில் சேலம் பெரியார் பல்கலைக்கழகம், ஆளுநர் கலந்துகொள்ளும் பட்டமளிப்பு விழாவுக்குக் கருப்பு உடையில் வர வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது. பெரியார் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தில் கருப்புக்குத் தடையா என்று கேள்வி எழுந்ததும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். விழாவுக்கு அங்கி, உடை விதி என்று எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஒரு நிறத்தை மட்டும், அதன் அர்த்தத்துக்காகத் தடுத்தால் அது உடை விதி அல்ல.

சும்மா இருப்பதும் ஒரு கருத்துதான். கேரளத்தில் 1985-இல் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை என்பதற்காக. அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மரியாதையாக நின்றார்கள், அது போதும், வாயைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்றது. போகாமல் இருப்பதும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் எங்கள் ஊட்டி ராஜ்பவனில் ஆளுநர் கூட்டிய துணைவேந்தர்கள் மாநாட்டுக்கு மாநிலப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களில் பெரும்பாலோர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதில் இரண்டு தரப்பும் வேறு வேறு காரணம் சொன்னார்கள், காலி நாற்காலிகள் மட்டும் எல்லாப் பத்திரிகையிலும் பேசப்பட்டன.

உன் தோழிகளிடம் ஒன்று சொல். மேடையில் உனக்கு முன்னால் போகிற பெண்ணின் அம்மா பழனியிலிருந்து விடிகாலைப் பஸ்ஸில் வந்திருப்பார், மகள் பட்டம் வாங்குகிற அந்த ஒரு நொடியைப் பார்க்க. அந்த நொடி கெடாமல் என்ன செய்தாலும் செய்யுங்கள்.

ஒரு சாதியையோ மதத்தையோ கேவலமாகப் பேசுகிறவனையும் கைகட்டிக் கேட்க வேண்டுமா டீச்சர்?
— இளைஞர், ஊட்டி காந்தல்

வேண்டாம். இரண்டு விஷயம் இதில் குழம்பிக் கிடக்கிறது. யாரையும் அழைத்தே ஆக வேண்டும் என்று கல்லூரிக்குக் கட்டாயம் இல்லை, அழைக்காதீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்பது உங்கள் உரிமை. அழைத்த பிறகு வந்து நிற்கிறவரை, அவர் சொன்னது வலிக்கிறது என்பதற்காக மட்டும் தடுக்க முடியாது. அதே நேரம் பேச்சுரிமைக்கு எல்லை உண்டு, அரசியல் சட்டத்தின் 19(2)-இல் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் ரத்து செய்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மூன்றாகப் பிரித்தது: ஒரு விஷயத்தை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, வன்முறைக்குத் தூண்டிவிடுவது. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் உரிமை, மூன்றாவதில்தான் சட்டம் உள்ளே வரும். பிரிவினரிடையே பகை மூட்டினால் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு இருக்கிறது, பட்டியல் சாதி, பழங்குடி மக்களை இழிவுபடுத்தினால் 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவர் பேசியதைப் பதிவு செய்துகொண்டு போய்ப் புகார் கொடுங்கள். பாதியில் கத்தி நிறுத்திவிட்டால் புகாருக்கு வாக்கியமே இருக்காது.

வாசலில் நின்ற எங்கள் வீடியோவை யாரோ எடுத்து, முகத்தில் வட்டம் போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் விட்டிருக்கிறார்கள். வீட்டு முகவரி கேட்கிறார்கள். பயமாக இருக்கிறது.
— மாணவி, கோத்தகிரி

கண்ணு, முதலில் ஸ்கிரீன்ஷாட் எடு, எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி. அழித்துவிடாதே. வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடு. மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் நேரிலோ, தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ புகார் பதிவு செய். இந்த மாதிரி நேரத்தில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது கல்லூரி நிர்வாகம், அதை அவர்களிடமும் எழுத்தில் கேள். நீயும் நானும் ஒரே ஊர், சாயந்திரம் வீட்டுக்கு வா, சேர்ந்து எழுதலாம்.

இதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் அந்தக் கூடலூர்த் தம்பியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அவரும் ஆறு நண்பர்களும் அந்த அதிகாரிக்கு எழுதியிருக்கிறார்களாம், மறுபடி வாருங்கள், அரை மணி நேரம் பேசுங்கள், அப்புறம் எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள் என்று. பதினொரு கேள்விகள் தயாராக இருக்கின்றன, ஒரு நகல் எனக்கும் வந்திருக்கிறது, நான்காவது கேள்வி நன்றாக வந்திருக்கிறது தம்பி. அவரிடமிருந்து பதில் வந்துவிட்டது, வருகிறேன் என்று. அரங்கம் தருவதா என்று கல்லூரிதான் இன்னும் சொல்லவில்லை. தேதி முடிவானால் எழுது. கோத்தகிரியில் முதல் பஸ் பிடித்து ஊட்டியில் மாறி வந்துவிடுகிறேன், நடுவட்டத்தில் பனி இருந்தால் கொஞ்சம் தாமதமாகும், எனக்காகக் காத்திருக்காமல் ஆரம்பித்துவிடுங்கள்.